அளவுகோலும் பிள்ளையும்: நியூசீலாந்துக் கல்விப் பிணக்கின் வரலாறு

நெல்லை அளப்பதற்குக் கொத்து வேண்டும். கொத்தில்லாத ஊரிலே கொடுக்கல் வாங்கல் நேர்மையாய் நடவாது. ஆயினும் கொத்து நெல்லை விளைவிப்பதில்லை. விளைச்சல் குறைந்த ஆண்டில் வயலைப் பாராது கொத்தை மாற்றிப் பார்த்த கமக்காரனை யாம் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. வயலிலே பேதைமை எனப்படும் இக்காரியம் கல்வியுலகிலே பலகாலும் பேரறிவாகப் போற்றப்பட்டு வந்திருக்கின்றது. பிள்ளைகளை அளக்கும் கோல் ஒன்றைச் செய்துவிட்டாற் கல்வி தானே உயரும் என்று நம்பிய அரசுகள் பல. அக்கோலை முறித்தெறிந்துவிட்டாற் பிள்ளைகளின் துன்பம் தானே நீங்கும் என்று நம்பிய அரசுகளும் உள.

இவ்விரு நம்பிக்கைகளுக்கும் இடையில் ஊசலாடிய ஒரு நாட்டின் கதையை இளைஞர் முன்னும் பெரியோர் முன்னும் வைக்க விரும்புகின்றேன். அந்நாடு தென்பசிபிக் சமுத்திரத்திலுள்ள நியூசீலாந்து. ஐம்பது இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழும் சிறு நாடு அது. ஒன்றரை நூற்றாண்டுக் காலத்திலே அளவுகோலை எடுப்பதும் முறிப்பதும் மீண்டும் எடுப்பதுமாக அது பெற்ற அனுபவம் பெரிய நாடுகளுக்கும் பாடமாகத் தக்கது.

தரம் பிறந்த கதை

பாடசாலையிலே 'தரம்' என்னும் சொல் இன்று சாதாரணமாக வழங்குகின்றது. அச்சொல்லுக்குப் பின்னால் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கின்றது என்பதைப் பலர் அறியார். 1862-ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் ரொபேட் லோ என்னும் அரசியல்வாதி திருத்திய கல்விச் சட்டக்கோவை ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பாடசாலைகளுக்கு அரசினர் கொடுக்கும் பணம் ஆண்டுதோறும் பெருகுகின்றது. அப்பணத்துக்குத் தக்க பயன் விளைகின்றதா என்பதே அவர் கேட்ட வினா. வினா நியாயமானதே. அதற்கு அவர் கண்ட விடைதான் விபரீதமாயிற்று.

வாசிப்பு, எழுத்து, எண் என்னும் மூன்றிலும் ஆறு தரங்கள் வகுக்கப்பட்டன. வித்தியாதரிசி ஆண்டுக்கொருமுறை பாடசாலைக்கு வந்து ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே சோதிப்பார். வரவுக்காக ஒரு பிள்ளைக்கு 4 சிலிங். ஆறு வயது கடந்த பிள்ளை மூன்று பாடத்திலும் சித்தியடைந்தால் மேலும் 8 சிலிங். ஒரு பாடத்தில் தவறினால் அத்தொகையில் 2 சிலிங் 8 பென்ஸ் குறையும். 'பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு' என்று இம்முறை பெயர் பெற்றது.

விளைந்தது யாது? காசு தரும் பாடங்கள் மூன்றும் பாடசாலை முழுவதையும் விழுங்கின. சரித்திரமும் பூமிசாத்திரமும் மூலைக்கு ஒதுங்கின. வாசிப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் மனப்பாடஞ் செய்து கிளிபோல் ஒப்புவித்தனர். கவிஞரும் வித்தியாதரிசியுமான மத்தியூ ஆர்னல்டு தாம் ஊழியம் புரிந்த அரசினரின் முறையையே வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். பிள்ளையின் அறிவை இயந்திரமாக்கும் முறை இது என்பது அவர் கருத்து. ஆயினும் 1890-களில்தான் இங்கிலாந்து இதனை முற்றாகக் கைவிட்டது.

இம்முறை இங்கிலாந்தோடு நிற்கவில்லை. இலங்கையிலே 1869-ஆம் ஆண்டில் பொதுப்போதனைத் திணைக்களம் அமைந்ததன் பின், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றை அளந்தே பணம் வழங்கப்பட்டது. வித்தியாதரிசி வரும் நாள் அக்காலத்துப் பாடசாலையின் தலைவிதியை நிருணயிக்கும் நாளாயிற்று. மிஷன் பாடசாலையிலே பயின்றவன் யான். என் பாட்டனார் காலத்து முதியோர் 'இன்ஸ்பெக்டர் வருகிறார்' என்று சொல்லும்போது அவர்கள் குரலில் எஞ்சியிருந்த நடுக்கத்தைச் சிறுவயதிற் கேட்டிருக்கின்றேன். அந்நடுக்கத்தின் பிறப்பிடம் 1862-ஆம் ஆண்டுக் கணக்குப் புத்தகம் என்பது பின்னரே விளங்கிற்று.

நியூசீலாந்து கோலை ஏந்தியதும் இறக்கியதும்

நியூசீலாந்திலே 1877-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஆரம்பக் கல்வியை இலவசமாக்கிற்று, கட்டாயமுமாக்கிற்று. சமயச் சார்பற்ற கல்வி என்பதும் அச்சட்டத்தின் கொள்கை. மறு ஆண்டிலேயே ஆறு தரங்கள் வகுக்கப்பட்டன. அங்கும் வித்தியாதரிசி பிள்ளைகளைத் தனித்தனியே சோதித்துச் 'சித்தி', 'தவறு' எனக் குறித்தார். தவறிய பிள்ளை மறு ஆண்டும் அதே தரத்தில் இருக்க நேர்ந்தது. எத்தனை வீதம் பிள்ளைகள் சித்தியடைந்தனர் என்பதே ஆசிரியனின் கீர்த்திக்கும் அபகீர்த்திக்கும் அளவாயிற்று.

இக்கட்டை அவிழ்க்கத் தொடங்கியவர் ஜோர்ஜ் ஹொக்பன் என்பவர். கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்த ஆசிரியரான அவர் 1899-ஆம் ஆண்டில் பாடசாலைகளின் தலைமை வித்தியாதரிசியானார். எண்ணை வெறுத்தவரல்லர், எண்ணின் எல்லையை அறிந்தவர். பிள்ளையை எவ்வகுப்பில் வைப்பது என்று தீர்மானிக்கும் உரிமையைத் தலைமையாசிரியருக்கு அளித்தார். ஆறாந்தர முடிவில் நடக்கும் தகுதிச் சோதனை மட்டும் பெருவாயிலாக நின்றது. அதிலே தேறியவர்க்கு 1903 முதல் இரண்டாந்தரப் பாடசாலைகளில் இலவச இடம் கிடைத்தது. ஏழைப் பிள்ளைகள் பலர்க்கு அது திறந்த வாயில். தவறியவர்க்கோ அதுவே மூடிய கதவு.

அக்கதவை 1936-ஆம் ஆண்டில் தொழிற்கட்சி அரசாங்கத்தின் கல்வி மந்திரி பீட்டர் பிரேசர் அகற்றினார். தகுதிச் சோதனை ஒழிந்தது. வறியவனோ செல்வனோ, நாட்டுப்புறத்தானோ நகரத்தானோ, யாவராயினும் தத்தம் ஆற்றலின் எல்லைவரை கற்கும் உரிமை உடையவர் என்னும் கருத்தை 1939-ஆம் ஆண்டில் அவர் பிரகடனஞ் செய்தார். அவ்வறிக்கையை வரைந்தவர் கிளரன்ஸ் பீபி. 1940 முதல் 1960 வரை கல்விப் பகுதியின் தலைவராயிருந்து அக்கொள்கைக்கு உருக்கொடுத்தவரும் அவரே. ஆகவே அரை நூற்றாண்டுக்கு மேலாக நியூசீலாந்தின் ஆரம்பப் பாடசாலைகளிலே தேசியச் சோதனை என்பது இல்லாதிருந்தது. ஆசிரியனின் தீர்ப்பிலே நம்பிக்கை வைத்த நாடென அது பெயர் பெற்றது.

உலகத் தராசு

இதற்கிடையில் உலகிலே புதியதொரு தராசு தோன்றியது. 1958-ஆம் ஆண்டளவிலே கல்வியாய்வாளர் சிலர் ஒன்றுகூடி, உலக நாடுகள் பலவற்றின் பிள்ளைகளை ஒரே வினாத்தாளால் ஆராய்ந்தால் எம்முறை நல்லது என அறியலாமன்றோ என்று எண்ணினர். 1964-ஆம் ஆண்டில் 12 நாடுகளிலே முதலாவது சர்வதேசக் கணித ஆய்வு நடந்தது. நாடுகளை வரிசைப்படுத்தி ஒன்றைப் புகழ்ந்து மற்றொன்றை இகழ்வது அவர்தம் நோக்கமன்று. வேறுபாடுகளின் காரணத்தைக் காண்பதே நோக்கம். 1970-ஆம் ஆண்டளவில் நடந்த வாசிப்பு ஆய்விலே நியூசீலாந்துப் பிள்ளைகள் உலகின் முன்னணியில் நின்றனர். தேசியச் சோதனை இல்லாத நாட்டிற்கு அது பெருமையாயிற்று.

பின்னர்ப் பொருளாதாரக் கூட்டுறவுக்கும் அபிவிருத்திக்குமான நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலே 'பீசா' என்னும் ஆய்வைத் தொடங்கிற்று. பதினைந்து வயது மாணவரை ஒவ்வொரு நாட்டிலும் மாதிரியாகத் தேர்ந்து, வாசிப்பு, கணிதம், விஞ்ஞானம் என்பனவற்றிலே சோதிப்பது அதன் முறை. மூன்றாண்டுக்கொருமுறை அது நடந்துவந்தது. பெருந்தொற்றுக் காரணமாக 2021-இல் நடக்கவேண்டியது 2022-க்குப் பிற்போடப்பட்டது. அங்கத்துவ நாடுகளின் சராசரி 500 புள்ளியாக அமையும்படி முதலில் அளவை வகுக்கப்பட்டது.

முதற் சோதனையிலே நியூசீலாந்து வாசிப்பில் 529 புள்ளியும் கணிதத்தில் 537 புள்ளியும் பெற்று, இரண்டிலும் மூன்றாமிடத்தில் நின்றது. நாடு மகிழ்ந்தது. ஆனால் அந்த எண்களின் அடியிலே கவனிக்கவேண்டிய வேறொன்றும் இருந்தது. சிறந்த மாணவருக்கும் பின்தங்கிய மாணவருக்கும் இடையிலிருந்த தூரம், உயர்புள்ளி பெற்ற ஏனைய நாடுகளிற் காணப்பட்டதினும் மிகுதியாயிருந்தது. பின்தங்கியோரில் அந்நாட்டின் ஆதிக்குடிகளாகிய மவோரி மக்களின் பிள்ளைகளும், பசிபிக் தீவுகளிலிருந்து குடியேறியோரின் பிள்ளைகளும் அளவுக்கு மிஞ்சியிருந்தனர். சராசரி என்னும் போர்வையின் கீழ் அப்பிள்ளைகள் மறைந்து கிடந்தனர். இந்தப் பிள்ளைகளை வாசகர் மறவாதிருக்க வேண்டுகின்றேன். இனி வரும் பிணக்கெல்லாம் அவர்கள் பெயராலேயே நடந்தது.

தேசியத் தரங்கள்

2008-ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தேர்தலிலே ஜோன் கீ தலைமையில் நாஷனல் கட்சி வென்றது. ஏறத்தாழ ஐவரில் ஒருவர் போதிய எழுத்தறிவும் எண்ணறிவும் இன்றிப் பாடசாலையை விட்டுச் செல்கின்றனர் என்பது அக்கட்சியின் தேர்தற் பிரசாரம். தம் பிள்ளை எந்நிலையில் நிற்கின்றான் என்பதைப் பெற்றோர் எளிய மொழியில் அறிதல் வேண்டும் என்றும் அக்கட்சியினர் கூறினர். இக்கோரிக்கையைத் தவறென்று எவர்தாம் கூறுவர்? ஆனால் அதற்கான சட்டம் டிசம்பர் மாதத்திலேயே பாராளுமன்றத்தின் அவசர நடைமுறையின் கீழ் நிறைவேறியது. தெரிவுக்குழு ஆராயவுமில்லை, பொதுமக்கள் தம் கருத்தைச் சொல்ல வாய்ப்புமில்லை.

2010-ஆம் ஆண்டு தொடக்கம் முதலாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை வாசிப்பு, எழுத்து, கணிதம் மூன்றிலும் தேசியத் தரங்கள் நடைமுறைக்கு வந்தன. தரத்துக்கு மேல், தரத்தோடு ஒத்து, தரத்துக்குக் கீழ், தரத்துக்கு மிகக் கீழ் என நான்கு நிலைகள் வகுக்கப்பட்டன. பாடசாலையில் ஓராண்டு முடித்த ஆறு வயதுக் குழந்தையும் இந்நான்கில் ஒன்றிலே வைக்கப்பட்டது. ஒன்று சொல்லவேண்டும்: இது 1878-ஆம் ஆண்டின் சோதனையைப் போன்றதன்று. நாடு முழுவதற்கும் பொதுவான வினாத்தாள் கிடையாது. பல சான்றுகளையும் நோக்கி ஆசிரியரே தீர்ப்பளிக்க வேண்டும். இதனால் நன்மையும் உண்டு, சிக்கலும் உண்டு. ஒரு பாடசாலையில் 'ஒத்து' என மதிக்கப்பட்ட பிள்ளை மற்றொரு பாடசாலையில் 'கீழ்' என மதிக்கப்படக்கூடும். அளவுகோலின் நீளம் ஊருக்கு ஊர் வேறுபட்டால் அதனை அளவுகோல் என்று எங்ஙனம் கூறுவது?

2009-ஆம் ஆண்டு நவம்பரிலேயே மார்ட்டின் திரப், ஜோன் ஹாட்டி, டெரி குரூக்ஸ், லெஸ்டர் பிளொக்டன் என்னும் கல்வியறிஞர் நால்வர் கல்வி மந்திரி ஆன் டோலிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். முன்னோட்டமாகப் பரீட்சித்துப் பாராமல் நாடு முழுவதும் புகுத்துவது தவறு. சிறு பிள்ளைகள்மேற் குறையின் முத்திரை விழும். பத்திரிகைகள் பாடசாலைகளை வரிசைப்படுத்தும் என்று எச்சரித்தனர். ஆசிரியர் சங்கத்தினர் பேருந்தில் நாடெங்குஞ் சென்று பிரசாரஞ் செய்தனர். 1989-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்பின் அந்நாட்டிலே ஒவ்வொரு பாடசாலையையும் பெற்றோர் தெரிவுசெய்யும் சபையே நடத்துகின்றது. அச்சபைகளிற் பல ஒன்றுசேர்ந்து, புதிய தரங்களைத் தம் திட்டத்திற் சேர்க்க மறுத்து நின்றன.

அறிஞர் அஞ்சியது 2012-ஆம் ஆண்டு செப்டெம்பரில் நிகழ்ந்தது. பாடசாலைகளின் பெறுபேறுகள் பத்திரிகைகளில் வெளியாயின, அரசினரும் வெளியிட்டனர். வசதி படைத்த ஊர்களின் பாடசாலைகள் மேலே நின்றன. வறிய ஊர்களின் பாடசாலைகள் கீழே நின்றன. செல்வர் எங்கே வாழ்கின்றனர், வறியோர் எங்கே வாழ்கின்றனர் என்பதை அறிய இத்துணைப் பெருமுயற்சி வேண்டியதில்லை. பாடசாலைப் பிரதேசங்களின் வசதியைக் கணித்து அரசினரே வகுத்த பத்துப் படிநிலைகள் 1995 முதல் வழக்கிலிருந்தன.

அளந்ததால் உயர்ந்ததா? 2013-ஆம் ஆண்டிலே தரத்தை எட்டியோர் அல்லது கடந்தோர் வாசிப்பில் ஏறத்தாழ 78 வீதம், கணிதத்தில் 75 வீதம், எழுத்தில் 71 வீதம். 2016-ஆம் ஆண்டிலும் ஏறத்தாழ அவையே எண்கள். கொத்து மூன்றாண்டுகளாக நெல்லை அளந்தது; நெல் கூடவில்லை.

எண்களைப் பற்றிய சண்டை

2013-ஆம் ஆண்டு டிசம்பரில் முந்திய ஆண்டுப் பீசாப் பெறுபேறு வெளியாயிற்று. 2009-இற் கணிதத்தில் 519 ஆயிருந்த புள்ளி 500 ஆக இறங்கியது. வாசிப்பு 521-இலிருந்து 512-க்கும், விஞ்ஞானம் 532-இலிருந்து 516-க்கும் வீழ்ந்தன. தேசியத் தரங்களே இவ்வீழ்ச்சிக்குக் காரணம் என்றனர் எதிர்க்கட்சியினர். வீழ்ச்சி பழையது, ஆகவேதான் தரங்கள் வேண்டும் என்றனர் அரசினர். ஒரே தாளை இருவரும் பிடித்து இருவேறு முடிவுகளைப் படித்தனர்.

இவ்விடத்தில் நாம் பாடசாலைக் கணக்கொன்றைப் போட்டுப் பார்த்தல் நன்று. 2012-ஆம் ஆண்டிற் பதினைந்து வயதினரான மாணவர் 2010-இற் பதின்மூன்று வயதினர். தேசியத் தரங்கள் எட்டாம் வகுப்போடு முடிவன. ஆதலால் அம்மாணவரை அப்புதிய முறை ஓராண்டளவே தொட்டிருக்கும், பலரைத் தொட்டேயிராது. அவர்தம் வீழ்ச்சிக்கு அம்முறையைக் குற்றஞ்சாட்டுதல் எங்ஙனம் பொருந்தும்? அங்ஙனமே, வீழ்ச்சி பழையதென்று காட்டினால் தாம் கொணர்ந்த மருந்து நல்லதென்று நிரூபணமாகிவிடும் என்பதும் பொருந்தாது. நோய் உண்டென்பது மருந்துக்குச் சான்றாகாது.

வரிசையிற் பின்னடைவு என்ற கூக்குரலிலும் ஒரு மயக்கம் உண்டு. ஷாங்காய் 2009-இலும் வியட்நாம் 2012-இலும் புதிதாய்ச் சேர்ந்து முன்வரிசையில் அமர்ந்தன. ஓட்டப்பந்தயத்திலே புதிய ஓட்டக்காரர் இருவர் வந்தால், தன் வேகம் குறையாதவனும் இரண்டிடம் பின்னே போவான். ஆயினும் நியூசீலாந்தின் வேகமும் குறைந்ததென்பதை மறைக்கலாகாது. கணிதத்திலே 19 புள்ளி இறங்கியது வரிசையின் மயக்கமன்று, உண்மையான இழப்பு.

கோல் முறிந்தது, வீழ்ச்சி முறியவில்லை

2017-ஆம் ஆண்டுத் தேர்தலின்பின் தொழிற்கட்சி அரசமைத்தது. டிசம்பர் மாதத்திலே கல்வி மந்திரி கிரிஸ் ஹிப்கின்ஸ் தேசியத் தரங்களை ஒழித்தார். ஆசிரியர் பலர் மகிழ்ந்தனர். அறிஞர் எச்சரித்த தீமைகள் நீங்கின என்பது உண்மை. ஆனால் பின்தங்கிய பிள்ளையை இனி எவ்வாறு கண்டறிந்து கைகொடுப்பது என்னும் வினாவுக்கு அதேயளவு விரைவில் விடை வரவில்லை.

2018-ஆம் ஆண்டு பீசாக் கணிதப் புள்ளி 494. 2022-இல் 479. வாசிப்பு 506-இலிருந்து 501 ஆயிற்று. இடையிலே பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டன. ஏனைய நாடுகள் பலவும் வீழ்ந்தன. நியூசீலாந்து அப்போதும் அங்கத்துவ நாடுகளின் சராசரிக்கு மேலேயே நின்றது. மாணவர் பங்கேற்பு விதித்த அளவை எட்டாமையால் அவ்வாண்டுப் பெறுபேற்றை எச்சரிக்கையுடன் படிக்கவேண்டும் என்ற குறிப்பும் உடன் வெளியாயிற்று. இத்தனையும் கழித்தாலும் இருபதாண்டு இறக்கம் கண்முன்னே நின்றது.

அப்பெறுபேறு 2023 டிசம்பர் 5-ஆந் தேதி வெளியானபோது காட்சி மாறியிருந்தது. தரங்களை ஒழித்த ஹிப்கின்ஸ் அவ்வாண்டிலே பிரதம மந்திரியாகி, ஒக்டோபர்த் தேர்தலில் தோற்றுவிட்டார். கிரிஸ்டோபர் லக்சன் தலைமையில் நாஷனல் கட்சி மீண்டும் ஆட்சியேறிச் சில நாட்களே ஆகியிருந்தன. 2013-இல் தாக்கியவர் இப்போது காத்துக்கொண்டார், காத்தவர் தாக்கினார். புதிய கல்வி மந்திரி எரிக்கா ஸ்ரான்போர்ட் 2024 முதல் எட்டாம் வகுப்புவரை வாசிப்பு, எழுத்து, கணிதம் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கவேண்டுமென விதித்தார். அளவுகோலும் புதிய வடிவத்தில் திரும்பத் தொடங்கிற்று.

மீண்டும் நம் கணக்கைப் போடுவோம். 2022-இற் பதினைந்து வயதினர் 2011-இலோ 2012-இலோ பாடசாலை புகுந்தவர். 2017 முடியும்வரை, ஐந்து ஆறு ஆண்டுகள், அவர் தேசியத் தரங்களின் கீழே வளர்ந்தனர். அதன்பின் அவை இல்லாத காலத்திற் பயின்றனர். ஈற்றிலே பெருந்தொற்று வந்தது. தரங்களைப் பழிப்பவர்க்கும் அவற்றை ஒழித்ததைப் பழிப்பவர்க்கும் இப்பிள்ளைகள் சான்றாக நிற்கக்கூடும். அதனாலேயே எவர்க்கும் முடிந்த முடிபான சான்றாகார். பதினைந்து வயதுப் பிள்ளையின் விடைத்தாளிலே பத்தாண்டுக் கல்வியும், வீட்டின் வறுமையும், ஊரின் வளமும், நாட்டின் நோயும் ஒருங்கே எழுதப்பட்டிருக்கின்றன. மூன்றாண்டு ஆளும் மந்திரி அதிலே தம் பெயரையோ பகைவர் பெயரையோ மட்டும் தேடிப் படித்தல் முறையாகாது.

கோல் எதற்காக?

இனி, அளத்தலே தீதென்பது என் கருத்தன்று. மேலே கூறிய உலக ஆய்வு இல்லாதிருந்தால் 529 என்னும் பெருமைக்கு அடியிலே மறைந்து கிடந்த மவோரிப் பிள்ளைகளின் குறை வெளிப்பட்டிராது. அளவாதவன் தன் குற்றத்தை அறியான். ஆனால் கோல் எதற்காக என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

நியூசீலாந்தே ஒருகாலத்தில் அதற்கு நல்ல விடை கண்டிருந்தது. 1995 முதல் 2010 வரை ஒட்டாகோப் பல்கலைக்கழகத்திலே குரூக்ஸ், பிளொக்டன் ஆகிய இருவரும் தொடங்கிய தேசியக் கல்விக் கண்காணிப்புத் திட்டம் ஒன்று நடந்தது. நான்காம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் ஏறத்தாழ 3 வீதம் பிள்ளைகளே தெரிந்தெடுக்கப்பட்டனர். பயிற்சி பெற்ற ஆசிரியர் பிள்ளையின் அருகே அமர்ந்து, செய்யச் சொல்லியும் பேசச் சொல்லியும் பார்த்தனர். வாசிப்பும் கணிதமும் மட்டுமன்றிச் சங்கீதமும் சித்திரமும் விஞ்ஞானமும் நான்காண்டுச் சுற்றிலே ஆராயப்பட்டன. எந்தப் பிள்ளைக்கும் முத்திரை விழவில்லை. எந்தப் பாடசாலையும் பத்திரிகையில் ஏறவில்லை. ஆயினும் நாடு தன் நிலையை அறிந்தது. சோறு வெந்ததா என்று பார்க்கப் பானை முழுவதையும் கொட்டவேண்டியதில்லை என்பது நம் வீட்டுப் பெண்கள் அறிந்த சாத்திரமன்றோ!

ஆக, நாட்டுக்கு ஒரு கோல் வேண்டும். பிள்ளைக்கு வேறொரு கோல் வேண்டும். நாட்டின் கோல் மாதிரியை அளந்து கொள்கை வகுப்போர்க்கு உண்மையைச் சொல்லட்டும். பிள்ளையின் கோல் அவன் ஆசிரியரின் கையிலிருந்து, இன்று இவனுக்கு எது விளங்கவில்லை, நாளை எதைச் செய்வேன் என்று சொல்லட்டும். முன்னதைப் பின்னதன் இடத்தில் வைத்ததே நியூசீலாந்தின் ஒரு சாரார் செய்த பிழை. பின்னதை எல்லோர்க்கும் உறுதிப்படுத்தாமல் முன்னதை முறித்ததே மறுசாரார் செய்த பிழை. இவ்விரு பிழைக்கும் விலை கொடுத்தவர் மந்திரிமாரல்லர். 'மிகக் கீழ்' என்று எழுதப்பட்டு, எழுதப்பட்டதன்பின் உதவி வராமலிருந்த பிள்ளைகளே.

இதனை எழுதும்போது என் வகுப்புத் தோழன் ஒருவன் நினைவுக்கு வருகின்றான். தவணை முடிவிலே முதலாம் பிள்ளை தொடங்கிப் புள்ளிகளை உரக்க வாசிப்பது எங்கள் வகுப்பின் வழக்கம். அவன் பெயர் எப்போதும் ஈற்றிலே வரும். வந்ததும் வகுப்புச் சிரிக்கும். கடைசி வாங்கில் இருந்த அவன் எழுத்துக்கூட்டியும் சரிவர வாசிக்க அறியான் என்பது ஆறாம் வகுப்பிலேயே எல்லார்க்குந் தெரியும். ஆண்டுக்கு மூன்றுமுறை அது அளக்கப்பட்டது. தேர்ச்சி அறிக்கையிற் சிவப்பு மையால் எழுதப்பட்டது. அவனைப் பக்கத்தில் இருத்தி ஒரு பக்கத்தை வாசிப்பித்தவர் ஒருவருமில்லை. முதலாம் பிள்ளையாக வந்து பரிசில் பெற்ற யானும் வாசிப்பித்தேனல்லேன். ஒன்பதாம் வகுப்பு முடியுமுன் அவன் நின்றுவிட்டான். அளவு சரியாகவே இருந்தது. அளந்தபின் செய்யவேண்டியதைச் செய்ய ஆளில்லாமற் போயிற்று.

நம் நாட்டிலும் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை வந்துபோகும் காலத்திலே, சித்தியடைந்த பிள்ளையின் படம் மதிலிலே ஏறுகின்றது. ஏறவேண்டியதே, உழைத்தவனைப் பாராட்டுதல் நன்று. ஏறாத பிள்ளையின் வீட்டுக்கு மறுநாள் யார் போகின்றார்கள்? இவ்வினாவைக் கேட்கும் உரிமை எனக்குக் குறைவு, ஆயினும் கேட்கின்றேன்.

இளைஞரே! தேசியத் தரம் வகுப்பதும் உலகப் பரீட்சையை ஏற்பதும் விடுப்பதும் நம் கையில் இல்லை. நம் வாசிகசாலையின் விளக்கும், அதன் கீழுள்ள வாங்கும், மாலையில் ஒரு மணி நேரமும் நம் கையில் உள்ளன. எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளை எந்த ஒழுங்கையிலும் ஒருவனேனும் இருப்பான். அங்கத்தவர் ஒவ்வொருவரும் அத்தகைய பிள்ளை ஒருவனை அழைத்து அருகில் இருத்தி, நாளுக்கு ஒரு பக்கம் வாசிப்பிப்போமாயின், அடுத்த ஆண்டு மலர் வெளிவரும்போது அதனைத் தாமே வாசிக்கக்கூடிய பிள்ளைகள் சிலரேனும் நம்மிடையே இருப்பர். பெரியோர்களே, அப்பிள்ளைகளை எம்மிடம் அனுப்பிவையுங்கள். முதல் வாங்கிலே இடம் வைத்திருக்கின்றோம்.